பத்துக்குப் பத்து வீடு, ஓர் ஆட்டோ: பீடியை எங்கே போய்ப் பிடிப்பது?

ஸ்ரீராமபுரம், லிங்கராஜபுரம், நீலசந்திரா, ஈஜிபுரா என்று பெங்களூரில் தமிழ்க் குடும்பங்கள் நெருங்கி வாழும் எந்தப் பக்கம் போனாலும் ஷீட் போட்ட ஒற்றை ரூம் வீடுகளைப் பார்க்கலாம். உள்ளே கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். பல வீடுகளில் மாமனாரும் உண்டு. தெருமுனையில் குடும்பத்துக்குச் சோறு போடும் ஆட்டோ நிற்கும். பெரியவருக்குப் பீடி, சின்னவருக்கு சிகரெட். கைக்குழந்தைக்குச் சளி பிடித்தால் போதும், மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும்.

“எப்பதான் விடப் போறீங்க?” என்று கேட்டுக் கேட்டே பத்து வருஷம் சண்டை போட்ட வீடுகள் ஏராளம். “இன்னைக்கு ராத்திரி எங்க போய்ப் பிடிப்பீங்க?” என்று கேட்ட வீடுகள் குறைவு. முதல் கேள்விக்குப் பதில் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டாவதை இந்த வாரமே முடித்துவிடலாம். இதில் ஒரு குடும்பத்துக்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது குழந்தையின் நெஞ்சைக் காப்பாற்றும், எது காப்பாற்றுவது போலத் தோன்றி ஏமாற்றும் என்பதைப் பார்ப்போம்.

பிரச்சினை எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரே ஒரு கணக்கு போதும். 2016-17-ல் நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெரியவர்களில் 100-க்கு சுமார் 11 பேர்தான் புகைக்கிறார்கள். ஆனால் வீட்டுக்குள் அடுத்தவர் புகையை இழுப்பவர்கள் 100-க்கு சுமார் 39 பேர். ஒருவர் பிடிப்பதை மூன்று நான்கு பேர் இழுக்கிறார்கள். அந்தக் கணக்கில் குழந்தைகள் சேரவே இல்லை.

ஜன்னலோரம், ஃபேன், ஊதுபத்தி

முதலில் எல்லோரும் எடுக்கும் வழி இதுதான். ஜன்னல் பக்கம் நின்று வெளியே ஊதுவது, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டுப் பிடிப்பது, பிடித்து முடித்ததும் ஊதுபத்தி ஏற்றுவது.

பத்தடி நீளம், பத்தடி அகலம், ஒன்பதடி உயரம் என்றால் 900 கன அடி, அதாவது சுமார் 25 கன மீட்டர் காற்று. ஒரு சிகரெட் எரிந்து முடிவதற்குள் சுமார் 10 மில்லிகிராம் நுண்துகளை அறைக்குள் விடுகிறது. 25 கன மீட்டரில் அது பரவினால் ஒரு கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராம். வெளிக்காற்றுக்கு நம் நாட்டில் வைத்திருக்கும் 24 மணி நேர வரம்பு 60. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன வரம்பு 15. அறைக் காற்று மணிக்கு ஒரு முறை மாறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரம் கழித்து 150 மிஞ்சும், இரண்டு மணி நேரம் கழித்து 55, மூன்று மணி நேரம் கழித்து 20. மார்கழிக் குளிரில் கதவும் ஜன்னலும் சாத்திவிட்டால் காற்று இன்னும் மெதுவாக மாறும். சாப்பிட்டுவிட்டு 9 மணிக்கு ஒன்று பற்றவைத்தால், பிள்ளை 11 மணிக்கும் அதைத்தான் இழுத்துக்கொண்டு தூங்குகிறது. பச்சைக்குழந்தை நிமிஷத்துக்கு 30 முதல் 60 தடவை மூச்சு விடும். பெரியவருக்கு 12 முதல் 20 வரைதான். ஒரே அறை, ஒரே காற்று என்றாலும் உடம்பின் அளவுக்குக் குழந்தையின் உள்ளே போவது அதிகம்.

பீடி சின்னது, அதனால் புகையும் சின்னது என்ற எண்ணமும் தப்பு. பீடி இலையில் காற்று எளிதில் புகாது. அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும், அணைந்தால் மறுபடி பற்றவைக்க வேண்டும். நிக்கோடினும் தாரும் சிகரெட்டைவிடக் குறைந்துவிடுவதில்லை.

ஜன்னலோரம் நின்று வெளியே ஊதினாலும், வாயிலிருந்து வரும் புகைதான் வெளியே போகும். விரலிடுக்கில் எரியும் நுனியிலிருந்து எழும் புகை அறைக்குள்தான் வரும். அதுதான் அளவிலும் பெரியது, விஷத்திலும் கூடியது. எக்ஸாஸ்ட் ஃபேன் கொஞ்சம் இழுக்கும். ஆனால் அது காற்றை வெளியே தள்ள வேண்டுமென்றால் வேறொரு வழியாக உள்ளே காற்று வர வேண்டும். கதவைச் சாத்திவிட்டு ஃபேன் போட்டால் சத்தம்தான் மிச்சம். நாலடிச் சந்தில் உங்கள் ஃபேன் தள்ளும் புகை எதிர்வீட்டு ஜன்னலில்தான் போய் நுழையும். அங்கேயும் ஒரு பிள்ளை இருக்கும். ஊதுபத்தியும் ரூம் ஸ்ப்ரேயும் வாடையை மறைக்குமே தவிர, துகளைக் குறைக்காது. ஊதுபத்தி கூட்டவே செய்யும். ஏர் பியூரிஃபையர் பற்றி இங்கே பேச வேண்டியதில்லை. அந்தப் பணத்துக்கு வீட்டில் நூறு வேலை இருக்கிறது.

இன்னொரு விஷயம் கண்ணுக்குத் தெரியாது. புகை போன பிறகும் நிக்கோடின் சுவரிலும் பாயிலும் போர்வையிலும் தொட்டில் துணியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். காஸ் அடுப்பு எரியும்போது நைட்ரஸ் அமிலம் என்றொரு வாயு உண்டாகும். அது இந்த நிக்கோடினோடு சேர்ந்தால் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் பிறக்கின்றன என்று அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 2010-ல் காட்டியது. சமையலும் படுக்கையும் ஒரே அறையில் இருக்கும் வீட்டுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று சொல்லத் தேவையில்லை. தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை நேராக வாயில் வைக்கும்.

பாத்ரூம், படிக்கட்டு, மொட்டைமாடி

‘வீட்டுக்குள் இல்லை’ என்று சொல்லிக்கொள்ள வசதியான இடங்கள் இவை. மூன்றும் ஒன்றல்ல.

பாத்ரூம் மோசமானது. வென்டிலேட்டர் சின்னது, கதவின் அடியில் இடைவெளி உண்டு, அடுத்து உள்ளே போவது பெரும்பாலும் ஸ்கூலுக்குக் கிளம்பும் பிள்ளை. காம்பவுண்டில் எட்டு வீட்டுக்கு இரண்டு கக்கூஸ் என்றால் எட்டு வீட்டுப் பிள்ளைகளும் அதை இழுக்கிறார்கள்.

படிக்கட்டின் கீழே நின்று பிடிப்பவர் தன் வீட்டை விட்டு வந்துவிட்டதாக நினைக்கிறார். படிக்கட்டு புகைபோக்கி மாதிரி. சூடான புகை மேலே ஏறி ஒவ்வொரு மாடி வாசலிலும் எட்டிப் பார்க்கும். மேல்மாடிக்காரர் சண்டைக்கு வந்தால் நியாயம் அவர் பக்கம்தான்.

மொட்டைமாடி பரவாயில்லை, மூன்று நிபந்தனையோடு. படிக்கட்டு வாயிலை விட்டுத் தள்ளிப் போய் நிற்க வேண்டும். பிள்ளைகள் அங்கே விளையாடும் சாயங்கால நேரத்தில் ஏறக் கூடாது. துணி காயும் கொடிக்குப் பக்கத்திலும் வேண்டாம். குழந்தையின் துணியில் புகை ஏறும்.

வாசலைத் தாண்டிய முழு விலக்கு

வீட்டுக்குள் யாரும், எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் பற்றவைப்பதில்லை என்பதே இந்த வழி. ஸ்வீடனில் 2004-ல் வந்த ஓர் ஆய்வு, சின்னப் பிள்ளைகளின் சிறுநீரில் கோட்டினைன் எவ்வளவு என்று பார்த்தது. நிக்கோடின் உடம்புக்குள் போனதற்கு அது அடையாளம். யாரும் புகைக்காத வீட்டுப் பிள்ளையின் அளவை 1 என்று வைத்தால், கதவைச் சாத்திவிட்டு வெளியே போய்ப் பிடிப்பவர் வீட்டுப் பிள்ளைக்கு சுமார் 2. வெளியேயும், திறந்த கதவோரத்திலும் பிடிப்பவர் வீட்டில் 2.4. வெளியேயும், சமையலறை ஃபேன் அடியிலும் என்றால் 3.2. வீட்டுக்குள்ளேயே பிடித்தால் 15.

அந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டிய எண் வேறொன்று. கொஞ்சம் கதவோரம், கொஞ்சம் ஃபேனடியில், கொஞ்சம் வெளியே என்று மாற்றி மாற்றிப் பிடித்த வீடுகளில் அது 10. ‘பெரும்பாலும் வெளியேதான்’ என்று சொல்லும் வீடு, பிள்ளையின் உடம்பைப் பொறுத்தவரை, உள்ளேயே பிடிக்கும் வீட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. ஸ்வீடன் வீடுகள் பெரியவை, தனித்தனி அறை உண்டு. பத்துக்குப் பத்தில் அரைகுறைக் கட்டுப்பாடு அதைவிட மோசமாகத்தான் போகும். ஆகவே மழை, குளிர், விருந்தாளி, கிரிக்கெட் மேட்ச் எதற்கும் விலக்கில்லாத கட்டுப்பாடுதான் கட்டுப்பாடு. 2 என்பது பூஜ்யம் இல்லை என்பதும் உண்மை. சட்டையிலும் மூச்சிலும் ஒட்டி வருவதை இந்த வழி முழுதாகத் தடுக்காது.

செய்வது எப்படி என்பதில்தான் பெரும்பாலான வீடுகள் தோற்கின்றன. “வெளிய போங்க” என்றால் வாசற்படியில் உட்கார்ந்து பிடிப்பார். அதனால் முதலில் இடத்தைக் குறிக்க வேண்டும். எந்தக் கதவுக்கும் ஜன்னலுக்கும் குறைந்தது 15, 20 அடி தள்ளி, தலைக்கு மேல் ஏதாவது மறைப்பு உள்ள இடமாகப் பாருங்கள். காம்பவுண்ட் கேட்டுக்கு வெளியே, ஆட்டோ நிறுத்தும் சுவரோரம், பூட்டிய கடையின் ஷட்டர் முன்னால். சந்து முழுக்கக் கதவாக இருந்தால் மெயின் ரோடு வரை நடக்க வேண்டியதுதான். நடக்கிற தூரம் கூடக் கூட, பிடிக்கும் எண்ணிக்கை தானாகக் குறையும்.

அந்த இடத்தில் பழைய பெயின்ட் டப்பாவில் பாதி மண் போட்டு வையுங்கள். துண்டு பீடியைச் சந்தில் வீசினால் தவழும் குழந்தை எடுத்து வாயில் வைக்கும். ஒரு துண்டைத் தின்றாலே வாந்தியோ மயக்கமோ வரலாம். உள்ளே ஆஷ்ட்ரேயாக இருந்த கொட்டாங்குச்சியையும், பீடிக்கட்டையும், தீப்பெட்டியையும் வெளியே கொண்டுபோய்விடுங்கள். அடுப்புக்கு லைட்டர் போதும். கைக்கெட்டும் இடத்தில் பீடி இருந்தால், ராத்திரி 2 மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் கை தானாகப் போகும்.

வெளியே ஆணியடித்து ஒரு பழைய சட்டையை மாட்டி வையுங்கள். தம் அடிக்கப் போகும்போது அது, திரும்பி வந்ததும் வீட்டுச் சட்டை. வாய் கொப்பளித்து, முகம் கையை சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு பத்து நிமிஷம் கழித்துக் குழந்தையைத் தூக்குவது நல்லது. மூச்சோடு மிச்சப் புகை கொஞ்ச நேரம் வரும். புகைப்பவர் பக்கத்தில் பச்சைக்குழந்தையைப் படுக்க வைக்க வேண்டாம். காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே குழந்தை இறந்துபோகும் ஆபத்தைப் புகை கூட்டுகிறது.

ஆரம்பிக்கும் நாளில் சுவரைத் துடைத்துச் சுண்ணாம்பு அடித்து, போர்வை, தலையணை உறை, தொட்டில் சேலையெல்லாம் துவைத்துப் போடுங்கள். போகிக்குச் செய்யும் அதே வேலைதான். பழைய வாடை போனால், மறுபடி யாராவது பற்றவைத்தால் உடனே தெரியும். காவலுக்கு அது போதும்.

எங்கே உடையும் என்றால், முதலாவது மழை. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பெங்களூரில் சாயங்கால மழை வழக்கம். குடையைக் கதவருகே தொங்கவிடுங்கள். இரண்டாவது, ஊரிலிருந்து வரும் மச்சான். அவரிடம் வீட்டுக்காரம்மா சொன்னால் மனஸ்தாபம். “வா மச்சான், அப்படியே ஒரு நடை போய்ட்டு வரலாம்” என்று வீட்டு ஆணே கூட்டிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். மூன்றாவது, குடித்துவிட்டு வரும் ராத்திரி. அப்போது வாக்குவாதம் வேண்டாம். கதவை அகலத் திறந்து, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் படுக்க வைத்துவிட்டு, மறுநாள் காலையில் பேசுங்கள். அடி விழும் வீடு என்றால் இந்தக் கட்டுரையின் யோசனைகளுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை வேறு. ஒரு நாள் உடைந்தது என்பதற்காகக் கட்டுப்பாட்டைக் கைவிட வேண்டாம். மறுநாளிலிருந்து அதே விதி தொடரட்டும்.

மூட்டுவலியில் மாடி இறங்க முடியாத மாமனார்தான் உண்மையிலேயே கஷ்டமான கேள்வி. அவரை வாசலுக்குத் துரத்துவது கொடுமையாகத் தெரியும். அவர் முதல் மாடியில் இருந்தால் பொதுநடையின் கடைசி முனை, காற்றுப் பக்கம் பார்த்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, வீட்டுக் கதவு சாத்தியிருக்க வேண்டும். பகலில் இது நடக்கும். விடிகாலையிலும் நடுராத்திரியிலும் நடக்காது. அந்த இரண்டு வேளைக்கு மட்டும் நிக்கோடின் சூயிங்கம் கொடுத்துப் பார்க்கலாம். பல் செட் வைத்திருந்தால் கம் ஒட்டும், தோலில் நிக்கோடின் பேட்ச் ஒட்டுவது நல்லது. நெஞ்சு நோய் இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு.

ஆட்டோ

“ரெண்டு பக்கமும் திறந்துதானே இருக்கு” என்பதுதான் ஆட்டோக்காரர் சொல்லும் பதில். ஓடும்போது காற்று முன்கண்ணாடியைச் சுற்றி வந்து பின்சீட்டில்தான் சுழலும். டிரைவர் கையிலிருந்து தெறிக்கும் நெருப்புப்பொறியும் சாம்பலும் அந்தக் காற்றோடு பிள்ளையின் கண்ணுக்குப் போகும். சிக்னலில் நிற்கும்போது முன்சீட்டிலிருந்து பின்சீட்டுக்கு மூன்றடி தூரம்தான். மழையில் பக்கத் திரையை இறக்கிவிட்டால் ஆட்டோ ஒரு சின்ன ரூம். சீட் ரெக்ஸினும் மேல் ஹூட்டும் வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெங்களூர் ஆட்டோவில் எல்பிஜி டேங்க் இருப்பதையும் நினைவில் வைக்க வேண்டும். லேசாக காஸ் கசிந்தால் பற்றவைத்த குச்சி என்ன செய்யும் என்று டிரைவருக்கே நன்றாகத் தெரியும்.

ஓம்னி மாதிரி மூடிய வண்டி இன்னும் மோசம். உள்ளே இருப்பது 4 கன மீட்டர் காற்று என்று வைத்தால், ஒரு சிகரெட்டின் 10 மில்லிகிராமும் தங்கினால் 2,500 மைக்ரோகிராம். ஜன்னலை இறக்கி பத்தில் ஒன்பது பங்கு வெளியே போனாலும் 250 மிஞ்சும். இங்கிலாந்தில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் உள்ளே இருந்தால் காரில் புகைக்கக் கூடாது என்று 2015 அக்டோபர் 1 முதல் சட்டமே இருக்கிறது. நம் நாட்டில் சொந்தக் காருக்கு அப்படி இல்லை.

ஆட்டோவின் நிலை வேறு. 2003-ம் ஆண்டின் புகையிலைச் சட்டம் பொது வாகனங்களையும் பொது இடம் என்றே சொல்கிறது. பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் என்றிருந்த அபராதத்தைக் கர்நாடகம் தன் திருத்தச் சட்டத்தால் 1,000 ரூபாய் ஆக்கியது. 2025-ல் அது நடைமுறைக்கு வந்தது. அதே திருத்தம் புகையிலை வாங்கும் வயதை 21 ஆக உயர்த்தியது. காண்டிமெண்ட்ஸ் கடைக்குப் பையனை அனுப்பி சிகரெட் வாங்கிவரச் சொல்லும் பழக்கத்துக்கும் இதோடு முடிவு கட்டலாம்.

ஆட்டோவுக்கு மூன்று வழி பேசப்படும். பிள்ளைகள் இல்லாதபோது மட்டும் பிடிப்பது, வண்டி நின்றிருக்கும்போது மட்டும் பிடிப்பது, வண்டிக்குள் ஒருபோதும் பிடிக்காதது. முதல் இரண்டும் நடைமுறையில் நிற்பதில்லை. காலை 8 மணி ஸ்கூல் ட்ரிப்புக்கு முன்னால் 7.45-க்கு ஒன்று பிடித்தால், ஏறும் ஆறு பிள்ளைகளும் அந்த ரெக்ஸினில்தான் உட்காருகிறார்கள். நாள் முழுக்க ஓட்டுபவர், எந்த நேரத்தில் பிள்ளை ஏறும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. மூன்றாவதுதான் எளிது. இறங்கி, பத்தடி நடந்து, நின்று பிடித்துவிட்டு ஏறுவது. டீக்கடை நிறுத்தம், ஸ்டாண்டு, காஸ் பங்க்கை விட்டு வெளியே வந்த பிறகு என்று இறங்கும் நேரம் டிரைவருக்கு எப்படியும் உண்டு.

டிராஃபிக்கில் மாட்டிக்கொள்ளும் முக்கால் மணி நேரம்தான் சோதனை. பிடிக்கத் தோன்றும் வேகம் பெரும்பாலும் சில நிமிஷத்தில் தணிந்துவிடும். லவங்கம், சோம்பு, ஏலக்காய் ஒரு டப்பாவில் ஹேண்டில்பார் பக்கம், கூட ஒரு தண்ணீர் பாட்டில். தீப்பெட்டியை டூல்பாக்ஸில் போட்டுப் பூட்டிவிடுங்கள். சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கட்டுப்பாடு பேச வேண்டாம். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, மாலை போட்டு, எலுமிச்சை வைக்கும் நாள் ஆரம்பிக்க நல்ல நாள். அதற்காக சித்திரையில் முடிவெடுத்துவிட்டுப் புரட்டாசிவரை காத்திருக்கவும் வேண்டாம். சவாரிக்கும் லாபம். வாடை இல்லாத வண்டியில்தான் அம்மாக்கள் பிள்ளையை ஏற்றுவார்கள்.

யார் சொன்னால் கேட்பார்

மனைவி சண்டையில் சொல்வது, பிள்ளையை விட்டுச் சொல்ல வைப்பது, டாக்டர் சொல்வது, காம்பவுண்டே சேர்ந்து சொல்வது என நான்கு வழிகள் உண்டு.

சண்டையில் சொன்னது சண்டையோடு போகும். பிள்ளையை விட்டு “அப்பா, பீடி வேணாம்ப்பா” என்று சொல்ல வைப்பது இரண்டு நாள் வேலை செய்யும். மூன்றாம் நாள் எரிச்சலில் பிள்ளை மேல் கோபம் திரும்பும். அந்தப் பாரத்தைப் பிள்ளை தலையில் வைக்க வேண்டாம்.

டாக்டர் சொல்வதற்கு மதிப்பு அதிகம், அதுவும் மூச்சு இழுத்து நெபுலைசர் வைத்த அதே நாளில். அரசின் ‘நம்ம கிளினிக்’ ஆனாலும் பெரிய அரசு ஆஸ்பத்திரியானாலும், அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். “சார், வீட்ல, ஆட்டோல புகை கூடாதுன்னு சீட்லயே எழுதிக் குடுங்க” என்று கேளுங்கள். மருந்தோடு மருந்தாக எழுதிய வரி வீட்டில் பேசும். வீட்டுக்காரம்மா அதிகாரம் பண்ணுகிறாள் என்ற பேச்சும் எழாது.

பேசும்போது விடச் சொல்ல வேண்டாம், இடத்தை மாற்றச் சொல்லுங்கள். மாமனாரிடம் இப்படிச் சொல்லலாம்: “மாமா, பீடிய விடச் சொல்லல. பாப்பாவுக்கு மூச்சு இழுக்குது, டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு. கேட்டுப் பக்கம் நாற்காலி போட்டு வச்சிருக்கேன், டீய அங்கயே கொண்டு வரேன்.” கணவனிடம் தனியாக, அவர் வேலைக்குக் கிளம்பும் நேரம் தவிர்த்து. குறை சொல்லாமல் வேலை கொடுத்தால் கேட்பார்: “இடத்த நீங்களே பாத்து வைங்க.” அவர் தேர்ந்தெடுத்த இடத்துக்கு அவரே போவார்.

இந்த மாதிரி மெல்லத் தள்ளுவது போதுமா என்ற சந்தேகம் நியாயமானது. அமெரிக்காவில் அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தினர் ஏழைக் குடும்பங்களிடம் இதைச் சோதித்தார்கள். மூன்று தபால், நடுவில் ஒரே ஒரு போன் பேச்சு, விட வேண்டும் என்ற வற்புறுத்தல் கிடையாது. ஆறு மாதம் கழித்து அந்த வீடுகளில் 100-க்கு 40-ல் முழு விலக்கு இருந்தது. எதுவும் அனுப்பாத வீடுகளில் 25. போலீஸும் இல்லை, அபராதமும் இல்லை.

காம்பவுண்டு சேர்ந்து முடிவெடுப்பது மெதுவாக நடந்தாலும் உறுதியாக நிற்கும். எட்டு வீட்டுப் பெண்களும் அங்கன்வாடியிலோ சுய உதவிக் குழுவிலோ பேசி, ஒரே நாளில், ஒரே இடத்தைக் குறித்தால் எந்த ஒரு ஆணும் தனியாகத் தலைகுனிந்ததாக ஆகாது. கேட்டுக்கு வெளியே மூன்று பேர் நின்று பிடித்தால் அது அவமானம் இல்லை, அரட்டை.

மெல்வது, விடுவது

“பீடிய விட்டுட்டேன், இப்ப ஹான்ஸ்தான்” என்று மெல்லும் புகையிலைக்கு மாறி வருபவர் உண்டு. குழந்தையின் நெஞ்சுக்கு இது நல்லதுதான், அதை மறுக்க முடியாது. ஆனால் கர்நாடகத்தில் ஏற்கெனவே புகைப்பவரைவிட மெல்பவர்தான் அதிகம். அதே கணக்கெடுப்பின்படி 100-க்கு சுமார் 9 பேர் புகைக்க, 16 பேர் மெல்கிறார்கள். வாய்ப்புற்றுநோய் வந்து கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் குடும்பத்தின் சம்பாத்தியமே நின்றுவிடும். இந்த மாற்றத்தை நாங்கள் ஒரு வழியாகவே எண்ண மாட்டோம். இ-சிகரெட்டை 2019 முதல் விற்பதே சட்டவிரோதம்.

முழுதாக விடுவதுதான் எல்லாவற்றையும்விட நல்லது, குழந்தைக்கும் பணப்பைக்கும். ஒரு நாளைக்கு 40 ரூபாய் போகிறது என்றால் மாதம் 1,200, வருஷம் 14,600. ஆனால் விடுவதை முதல் நிபந்தனையாக வைத்தால், அவர் தோற்கும் ஒவ்வொரு முறையும் வீட்டுக்குள் புகை திரும்பி வரும். வெளியே போய்ப் பிடிப்பவர், தான் பிடிக்கும் எண்ணிக்கையைக் குறைப்பதும், பின்னால் விட்டுவிடுவதும் உள்ளேயே பிடிப்பவரைவிட அதிகம் என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். ஆகவே வரிசை இதுதான்: முதலில் வாசல், பிறகு பழக்கம்.

விட நினைக்கும் நாளில் 1800-11-2356 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்யலாம். பாக்கெட்டின் மேலேயே அச்சிட்டிருக்கும். தென்னிந்திய மொழிகளுக்கு இதை நடத்துவது பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிதான், தமிழிலேயே பேசலாம். நிக்கோடின் கம் 2 மில்லிகிராம் மருந்துக்கடையில் கிடைக்கும். காலையில் எழுந்த அரை மணிக்குள் முதல் பீடி பிடிப்பவருக்கு 4 மில்லிகிராம் தேவைப்படும், அதை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். கம் வாங்கியவர்கள் “வேலைக்கு ஆகல” என்று சொல்வதற்குக் காரணம் மெல்லும் விதம். பபிள்கம் மாதிரி விடாமல் மென்றால் நிக்கோடின் வயிற்றுக்குப் போய் விக்கல், குமட்டல். மிளகுக் காரம் போல் சுரீரென்றதும் மெல்வதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி நாலு மெல், மறுபடி ஒதுக்கு. ஒரு கம் அரை மணி நேரம் வரும். டீ, காபி குடித்து 15 நிமிஷத்துக்குள் போட்டால் உடம்பில் ஏறாது. டீயோடு தம் அடித்துப் பழகிய ஆட்டோக்காரர் தவறும் இடம் இதுதான். முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று, பிறகு மெல்லக் குறைப்பது.

கடைசியாக ஒரு விஷயம் பாக்கி. பீடியை வெளியே அனுப்பிய வீட்டில் ராத்திரி கொசுவத்தி எரிந்துகொண்டிருக்கும். ஒரு கொசுவத்திச் சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் சீன, மலேசியச் சுருள்களைச் சோதித்துச் சொன்னார்கள். குழந்தைக்குத் தலைக்கு ஊற்றியதும் கதவைச் சாத்திக்கொண்டு சாம்பிராணி போடுவதும் மூச்சு இழுக்கும் பிள்ளைக்கு ஆகாது. சுருளுக்குப் பதிலாகக் கொசுவலை, சாம்பிராணிக்குப் பதிலாக உலர்ந்த துண்டால் நன்றாகத் துவட்டுவது. இரண்டையும் அதே நாளில் நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் “என் பீடி மட்டும்தான் புகையா?” என்று மாமா கேட்பார், அதற்கு யாரிடமும் பதில் இருக்காது.